நகையை விற்றாரா பென்னிகுயிக்?

“சார், அந்த வெள்ளைக்காரரு பொண்டாட்டி நகைய வித்துத்தான் அணைய முடிச்சாராமே? பட்டு வெல ஏறினா நாங்களும் அதத்தானே பண்றோம்!” முள்ளிப்பட்டில் தறிக்காரர் ஒருவர், குழியில் உட்கார்ந்து மிதியை மிதித்தபடியே கேட்டார். போன வாரத்து டால்காஸ் கட்டுரை அவர் மடித்து வைத்திருந்த பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. 1864 போரில் டென்மார்க் இழந்த நிலத்துக்கு ஈடாக ஜட்லாண்டின் புதர்க்காட்டைப் பயிர்நிலமாக்கக் கிளம்பிய ராணுவ எஞ்சினியர் டால்காஸ். 1866-ல் அதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியவர். அவரை முடித்துவிட்டு, இந்த வாரம் 1895 அக்டோபரில் பெரியாற்றுத் தண்ணீர் மலையைத் துளைத்துக் கொண்டு கம்பம் பக்கம் இறங்கிய நாளை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பெரியாற்று அணையைக் கட்டிய எஞ்சினியர் பென்னிகுயிக்கைப் பற்றிய தறிக்காரர் கேள்வி குறுக்கே வந்து விழுந்துவிட்டது.

நகைக் கதைக்கு ஆவணச் சான்று கிடையாது என்பதே ஆராய்ந்தவர்கள் சொல்வது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை அரசாங்கம் அந்தத் திட்டத்தில் இறைத்தது 80 லட்ச ரூபாய்க்கு மேல். எந்தத் துரைசானியின் கழுத்தில் அத்தனை தங்கம் தொங்கும்? ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்கில் யாரிடமும் இதைச் சொல்லிவிட முடியாது, அடி விழும்.

அந்தக் கதை முளைத்த இடம் எனக்குப் பிடித்திருக்கிறது. அணையை எழுப்புவதற்கு முன்னால் ஆற்றை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால்தான் படுகையில் அஸ்திவாரம் போட முடியும். பெரியாறோ இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் ஆறு. ஜூனில் தொடங்குவது ஓய்வதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். சரி, வெயில் காலத்தில் வேலை பார்க்கலாமே என்றால், ஆறு அடங்குகிற அந்த மாதங்களில்தான் காட்டில் மலேரியா தலைவிரித்தாடும். ஆகவே வெள்ளத்துக்கு நடுவிலேதான் வேலை நடந்தது. மண்ணும் மரமும் கொண்டு மறிப்பு கட்டுவார்கள். ஓர் இரவு மழை பெய்யும்; விடிந்தால் மறிப்பு இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து, மறுபடியும் செலவு. நகைக் கதை முளைத்தது இந்த வெள்ளத்தில்தான்.

அந்த மறிப்பு வேலையில் கொச்சியிலிருந்து வந்த போர்த்துகீசியத் தச்சர்கள் இருந்தார்கள், மதராஸ் பயனியர்ஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள். சமவெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்களைப் பற்றித்தான் நமக்கு ஒன்றும் தெரியாது. காய்ச்சலிலும் பேதியிலும் மாண்டவர்கள் 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். மழைக்குளிருக்குச் சாராயம் குடித்தார்களாம். குடிக்காமல் என்ன செய்வது!

சுண்ணாம்பு வந்த பாதை இன்னும் வேடிக்கை. கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும்தான் அணை. சிமெண்ட்டை நம்பியிருந்தால் கட்டுபடியாகியிருக்காது. சுண்ணாம்புக் கல் கிடைத்ததோ மலையடிவாரத்தில், குருவனூத்துப் பக்கம். அங்கிருந்து கம்பிக் கயிற்றில் வாளிகளைத் தொங்கவிட்டு மேலே ஏற்றி, பிறகு காட்டாற்று வழியே படகில் கொண்டுபோனார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து 150 அடிக்கு மேல் எழும்பிய சுவருக்கு, வாளி வாளியாக வந்த தீனி அது.

இத்தனைக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை வெள்ளைக்காரர் மண்டையில் உதித்ததில்லை. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பிப் பார்த்தார். பணமில்லாமல் விட்டார்கள். 1808-ல் கேப்டன் கால்டுவெல் (மொழி ஆய்வு செய்த பிஷப் அல்ல, வேறு ஆள்) நடக்கிற காரியமில்லை என்று எழுதிவிட்டுப் போனார். மலையைப் பார்த்து மலைத்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு மரியாதை இல்லை. இதையெல்லாம் தூசி தட்டி எடுக்க 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் சாக வேண்டியிருந்தது. 999 வருஷக் குத்தகையும் திருவிதாங்கூரின் 40,000 ரூபாயும் நீங்கள் பேப்பரில் படித்துப் பழகியவைதான், விட்டுவிடுகிறேன்.

பென்னிகுயிக்கிடம் எனக்குள்ள மோகத்துக்குக் காரணம் அணை மட்டுமில்லை. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15, புனேயில். எட்டு வயது முடிய இரண்டே நாள் இருந்தபோது, 1849 ஜனவரி 13-ஆம் தேதி சிலியன்வாலா போர்க்களத்தில் அப்பா பிரிகேடியரும் 17 வயது அண்ணனும் ஒரே நாளில் செத்தார்கள். சீக்கியர்கள் மீது கம்பெனி நடத்திய போர் அது, அநியாயமான போர் என்பதே என் கட்சி. ஆனால் அந்தப் பையன் வளர்ந்து, பீரங்கிக்குப் பதில் சுண்ணாம்பும் கல்லும் எடுத்தான் என்பது கவனத்துக்குரியது.

ஒரு மைல் நீளத்துக்கு மேல் பாறையைக் குடைந்த சுரங்கத்தைச் சொல்லாமலே பக்கம் தீர்ந்துவிட்டது. தண்ணீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாறு வழியே வைகைக்குப் போய், மதுரை பக்கத்து வறண்ட காட்டை நெல்வயலாக்கிய கதையும் மிச்சம். கவர்னர் வென்லாக் பிரபு வந்து திறந்துவைத்த வைபவமும் அடுத்த வாரம்தான். முள்ளிப்பட்டுத் தறிக்காரருக்கு மட்டும் இப்போதே ஒரு வார்த்தை: நகையை அடகு வையுங்கள், விற்றுவிடாதீர்கள்.

(தொடரும்)