பலாலி: இரவல் ஓடுபாதை

பேராதனைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதன் யுத்தக் கதை தெரிவது அபூர்வம். 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் டெல்லியை விட்டு இங்கே குடிவந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு இந்த மரங்களுக்கு நடுவே இருந்துகொண்டு பர்மா யுத்தத்தை நடத்தினார். தளபதிகளுக்குக் கண்டிக் குளிர் பிடித்துப்போனது. ஆனால் பெரிய விமானங்கள் இறங்க மலை இடம் கொடாது. அவை சமவெளியைத் தேடிப் போயின. கட்டுநாயக்காவிலும், வடக்கே பலாலியிலும் பிரித்தானிய விமானப்படை தளம் அமைத்தது.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு போட்ட பிறகு, தீவு முழுவதையும் ஒரு விமானந்தாங்கிக் கப்பலைப் போலப் பார்க்கத் தொடங்கியிருந்தது பிரித்தானியா. பலாலி இருக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் நிலம் அதற்குத் தோதானது: தட்டையான செம்மண், அடியில் சுண்ணாம்புக் கல், கூப்பிடு தூரத்தில் காங்கேசன்துறைக் கடல். வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் அந்த மண்ணில் ஓடுபாதை போடப்பட்டது.

கொழும்பை அடுத்த இரத்மலானையின் கதை இதற்கு நேர்மாறு. 1935இல் பொதுமக்களுக்கான விமான நிலையமாகத் திறந்த அதை யுத்தம் வந்தபோது இராணுவம் எடுத்துக்கொண்டது. பலாலியோ இராணுவத்துக்கென்றே பிறந்தது. சண்டை முடிந்த பிறகுதான் சனம் உள்ளே வந்தது.

அந்த வருகைக்கு ஒரு திகதி உண்டு: 1947 டிசம்பர் 10. சுதந்திரத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. எயார் சிலோன் தன் முதல் பறப்பை டகோட்டா ரக விமானம் ஒன்றில் தொடங்கியது. விமானத்தின் பெயர் சீதாதேவி. பாதை இரத்மலானை, காங்கேசன்துறை (அதாவது பலாலி), சென்னை. ஒரு நாட்டின் விமான சேவையே யாழ்ப்பாணத்தைத் தொட்டுக்கொண்டு பிறந்தது என்பதை நம்மவர்கள் போதிய அளவு பெருமையாகப் பேசுவதில்லை. படத்தை விரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பலாலியிலிருந்து இரத்மலானை சுமார் 330 கிலோமீற்றர், சென்னை சுமார் 355. மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. கொழும்பின் கண்ணுக்கு யாழ்ப்பாணம் ஓர் ஓரம். விமானியின் கண்ணுக்கு அது பாதி வழி.

எழுபதுகளின் இறுதியில் எயார் சிலோன் படுத்தது, பலாலியும் பழையபடி படைத்தளமானது. 1987இல் இந்திய அமைதிப்படை வந்து அதையே தளமாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு ஒக்டோபர் 5 அன்று விடுதலைப் புலிகளின் தளபதிகளான குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் இலங்கை இராணுவத்தின் காவலில் இருந்தபடி சயனைட் உட்கொண்டு மாண்டதும் இங்கேதான். ஒரு வாரத்துக்குள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவோடிரவாக இந்தியப் படையினரை இறக்கிய ஹெலிகொப்டர்களும் இங்கிருந்துதான் கிளம்பின.

1990 ஜூனில் போர் மீண்டும் மூள, சுற்றுக் கிராமங்கள் காலியாகின. உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பலாலியும் மயிலிட்டியும் வயாவிளானும் முட்கம்பிக்குள் போயின.

பிறகு, தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடிக்கிடந்த காலங்களில், அதே ஓடுபாதை குடாநாட்டுச் சனத்துக்கு வாசலாகவும் ஆனது. விமானத்தில் இடம் கிடைப்பதைவிடப் பெரிய பாடு, ஆமியிடம் ‘கிளியரன்ஸ்’ எடுப்பது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் 55 பேரோடு விழுந்தது. புலிகள் சுட்டார்கள் என்றே நம்பப்படுகிறது. இரணைதீவுக்கு அப்பால் அதன் சிதைவுகள் கிடைக்க 2012 ஆகிவிட்டது.

பலாலியில் இன்றிருக்கும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஜூலையில் தொடங்கிய வேலையின் விளைவு. ஒக்டோபர் 17 அன்று ஜனாதிபதி சிறிசேனவும் பிரதமர் ரணிலும் திறந்துவைக்க, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்திறங்கியது. நவம்பரில் தொடங்கிய சேவையை 2020 மார்ச்சில் கொரோனா நிறுத்தியது. மீண்டும் தொடங்க 2022 டிசம்பர் ஆனது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவின் சென்னைச் சேவை வந்தது, 2025 மார்ச் கடைசியில் திருச்சிச் சேவை.

விமானப்படையும் பயணிகளும் ‘பகிரும்’ நிலையம் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அந்தக் கணக்கு உதைக்கிறது. கட்டுநாயக்காவிலும் இரத்மலானையிலும் விமானப்படை உண்டுதான். பலாலியில் மூன்றாவது ஒரு பங்காளி இருக்கிறார்: கம்பிக்கு வெளியே நிற்கும் காணிக்காரர். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்டது. வேறு காணிகளும் துண்டு துண்டாகத் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை.

இப்போது வந்துபோகிறவை எழுபது சொச்சம் ஆசனங்கள் கொண்ட சிறிய விமானங்கள். பெரிய ஜெட் இறங்க வேண்டுமானால் ஓடுபாதையை நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு நிலம் வேண்டும். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் வலிகாமம் வடக்கில் எதிர்ப்பும் எழுகிறது. 1990இல் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய காணி உறுதிகளைச் சனம் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறது.