நர்சிங் படிக்காத பட்டதாரியும் நர்ஸ் பிராக்டிஷனர் பணியும்: தேனி மாவட்டத்தை முன்வைத்து

விலங்கியலில் பட்டம் பெற்ற பெண் ஒருவர் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ இருந்துகொண்டு நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேற்பயிற்சி பெற்றுக் குறிப்பிட்ட எல்லைக்குள் சிகிச்சை முடிவெடுக்கும் செவிலியர், ஆக விரும்பினால், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு மறுபடியும் முதல் படியில்தான் நிற்க வேண்டும். மூன்று ஆண்டுகள் படித்த உடலியங்கியலும் உயிர்வேதியியலும் எந்தக் கணக்கிலும் சேராது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பிறகு ஓராண்டு மருத்துவமனை அனுபவம். அதன்பின் இந்திய நர்சிங் கவுன்சில் 2016-17இல் அறிமுகப்படுத்திய, தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு இரண்டு ஆண்டு. ஆக, கையில் ஒரு பட்டம் இருந்தும் இன்னும் ஏழு ஆண்டுகள். மூன்றாண்டு டிப்ளமோ வழியில் போகலாம் என்றால் அங்கே முப்பத்தைந்து வயது வரம்பு குறுக்கே நிற்கும். பட்ட நிலைக்கு ஏற மேலும் இரண்டு ஆண்டும் ஆகும்.

இந்த நீளத்தைப் பார்த்ததும் அமெரிக்காவை எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அங்கே 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். 1974இல் யேல் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பள்ளி, வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை மூன்றாண்டுத் திட்டமொன்றில் நேரடியாகச் சேர்த்துக்கொண்டது. இதை நம் ஊரில் பலரும் நர்சிங்கைத் தாண்டிக் குதிக்கும் வழி என்றே புரிந்துகொள்கிறார்கள். அப்படி அல்ல. சேர்ந்தவர் முதற்கட்டத்தில் நர்சிங்கின் அடிப்படைகளைப் படித்து, உரிமத் தேர்வெழுதிப் பதிவு பெற்ற செவிலியராகிறார். சிறப்புப் பயிற்சி அதற்கு மேல்தான். பொதுக் கல்வியின் ஆண்டுகளைத்தான் அங்கே குறைத்தார்கள். பதிவு என்ற படியைக் கழித்துவிடவில்லை.

அதையே இங்கும் கொண்டுவந்துவிடலாமே என்றால், என் வாதம் அதற்குச் சற்று முன்னாலேயே நிற்கிறது. தேனி மாவட்டத்தைப் பொறுத்தவரை நுழைவுத் தகுதி இரண்டாவது பூட்டுதான். முதல் பூட்டு, படித்து முடித்தவர் போய் உட்கார நாற்காலி இல்லை என்பது. முதுநிலை நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை முடித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ் பணியிடத்துக்கே திரும்புகிறார்கள். தனிப் பணிநிலையும் அதற்குரிய அதிகாரமும் பரவலாக உருவாகவில்லை. வாசலை அகலமாக்கி இன்னும் பத்துப் பேரை உள்ளே விட்டால், அதே நாற்காலிக்குப் போட்டிதான் கூடும்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் கிளை திறந்தது. பார்வை சோதிப்பது, கண்ணழுத்தம் அளப்பது, அறுவை அரங்கில் உதவுவது, நோயாளிக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வது எல்லாம் அங்கே இடைநிலைப் பணியாளர்களின் பொறுப்பு. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, மருத்துவமனைக்குள்ளேயே சுமார் இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து உருவாக்கிய அணி அது. 2000களின் நடுவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொலைதூர வைஃபை வழியாகத் தேனி மருத்துவமனையைப் போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி போன்ற ஊர்களின் பார்வை மையங்களோடு இணைத்தார்கள்.

ஒரு பார்வை மையத்தில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வயதான விவசாயி ஒருவர் கருவியின் தாங்கியில் தாடையை வைக்கிறார். பணியாளர் விளக்கொளியை மெல்ல நகர்த்திக் கருவிழியையும் லென்ஸையும் பார்த்து, கண்டதைப் பதிகிறார். கண்புரையா, கண்ணாடி போதுமா, உடனே தேனிக்கு அனுப்ப வேண்டியதா என்று தரம் பிரித்துவிடுகிறார். அதே அமர்வில் திரையில் மருத்துவர் வருகிறார். பதிவைப் பார்க்கிறார், ஓரிரு கேள்வி கேட்கிறார், முடிவை உறுதி செய்கிறார். தீர்ப்பின் பெரும்பகுதி அந்தப் பெண்ணின் கையிலும் கண்ணிலும் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அவரிடம் பட்டமும் இல்லை, நர்சிங் பதிவும் இல்லை. வேலையின் எல்லை குறுகலாகவும் தெளிவாகவும் இருப்பதாலும், மறுமுனையில் மருத்துவர் அன்றே கிடைப்பதாலும்தான் இது நடக்கிறது.

இதற்கு அந்தப் பெண் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழின் மதிப்பு பெரும்பாலும் பயிற்சி தந்த நிறுவனத்தின் சுவர்களுக்குள். மணமாகி வேறு ஊர் போனால், அரசுப் பணிக்கு விண்ணப்பித்தால், பத்தாண்டுத் திறமை தகுதிப் பட்டியலில் ஏறாது. 2021ஆம் ஆண்டின் இணை மற்றும் சுகாதாரத் தொழில்சார் ஆணையச் சட்டம் இதற்கு ஓரளவு வழி திறக்கிறது. ஆண்டுக்கணக்கோடு மணிக்கணக்கையும் அது வைக்கிறது: இணை சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்தது 2000 மணி நேரம், சுகாதாரத் தொழில்வல்லுநருக்கு 3600. கண் மருத்துவ உதவியாளரும், மருத்துவரின் மேற்பார்வையில் வேலை செய்யும் பிசிசியன் அசோசியேட்டும் அதன் அட்டவணைக்குள் வருகிறார்கள். பிசிசியன் அசிஸ்டென்ட் என்ற பெயரில் இப்பணிக்கான பயிற்சி இந்தியாவில் முதலில் தொடங்கியதும் சென்னையில்தான். 1992இல், டாக்டர் கே. எம். செரியனின் முயற்சியில்.

அரசுத் தரப்பில் நிலைமை தலைகீழ். துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பணியிடம் வந்தது. 2021 நவம்பரில் தமிழ்நாடு 4848 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் இப்பணிக்கு ஆயுர்வேதப் பட்டதாரிகளையும் எடுத்தன. தமிழ்நாடு செவிலியரோடு நிறுத்திக்கொண்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால், பதிவு பெற்ற அந்தச் செவிலியரின் அதிகாரம் எவ்வளவு? 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணையில் 23ஆம் இனம், அரசு நலத்திட்டத்தின்கீழ் துணை நிலையப் பணியாளர்கள் மருந்து கொடுப்பதற்கு விற்பனை உரிமத்திலிருந்து விலக்கு தருகிறது. இருப்பதை எடுத்துக் கொடுக்கலாம். சீட்டு எழுத முடியாது. அதே இனத்தில் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கிறார் என்பது சற்றே வேடிக்கைதான்.

இந்த இடைவெளி யாரைத் தொடுகிறது என்பதை ஏலக்காய்க் காலத்தில் பார்க்கலாம். கூடலூரிலும் கம்பத்திலும் போடியிலும் இருந்து பெண் தொழிலாளர்கள் விடியலிலேயே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்கு ஏறிவிடுவார்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபின் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிற நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் திறந்திருந்து, அழுத்தம் பார்த்து, மாத்திரை அளவைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரமுள்ள ஒருவர் இவர்களுக்கு வேண்டும். பெரியகுளத்துக்கு மேலே மலையில் உள்ள சின்னூர், பெரியூர் மக்களுக்கு அந்த ஒருவர் மலைமேலேயே வேண்டும். அங்கிருந்து நோயாளியை டோலி கட்டித்தான் இறக்குகிறார்கள்.

செவிலியர் தரப்பின் மறுப்பை இங்கே லேசாகத் தள்ளிவிட முடியாது. 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். பதிவு பெற்றவர்களே நிரந்தரம் கேட்டுத் தெருவில் நிற்கும்போது பிற பட்டதாரிகளுக்குப் பக்கவாசல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அசாமின் அனுபவமும் அச்சத்தைக் கூட்டுகிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மூன்றாண்டுக் கிராம மருத்துவ டிப்ளமோவை மாநிலம் உருவாக்கியது. 2014இல் கௌகாத்தி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. படித்தவர்களைக் காப்பாற்ற 2015இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. மத்தியச் சட்டத்தோடு பொருந்தாத குறுக்குவழியில் முதலில் அடிபடுவது மாணவர்தான்.

எனவே, பட்டதாரிக்குத் தரக்கூடிய சலுகை சிறியதே. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற தாள்களைக் கழித்துக்கொள்ளலாம். வார்டில் நிற்கும் மணிநேரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்கக் கூடாது. இதில் ஓராண்டு மிச்சமாகலாம். அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் அது நோயாளியின் கணக்கிலிருந்து எடுத்ததாகும்.

பணியிடத்தை உருவாக்குவதுதான் பெரிய வேலை. எந்த மருந்துகளைத் தொடரலாம், அளவு மாற்றலாம் என்ற பட்டியல் வேண்டும். கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கம்பம் அரசு மருத்துவமனையிலோ எந்த மருத்துவர் அன்று மாலை தொலைபேசியின் மறுமுனையில் இருப்பார் என்பது பெயரோடு எழுதப்பட வேண்டும். நிரந்தர ஊதியம் வேண்டும். முதல் நியமனம் இப்போது ஒப்பந்தத்தில் இருக்கும் செவிலியருக்குப் போக வேண்டும். இவ்வளவும் அரசாணையில் வந்துவிட்டால், விலங்கியல் பட்டதாரிக்கு எத்தனை தாள் கழிப்பது என்ற கணக்கை நர்சிங் கவுன்சில் ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம்.