ஃப்ளாஷில் சிக்கிய எட்டு வருடங்கள்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவுவது விஎம்வேர் நிறுவனத்தின் வி-ஸ்பியர். அவற்றை நிர்வகிக்க முன்பு விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருள் வேண்டும். தேன்கனிக்கோட்டையில் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் பெங்களூர் சர்வரை உலாவியிலேயே கவனிக்கலாம் என்ற நோக்கத்தில் வந்ததுதான் வெப் கிளையண்ட். 2012-ல் வெளியான 5.1 பதிப்பிலிருந்து புதிய வசதிகள் இதில்தான் கிடைத்தன. ஆனால் இது ஓட அடோபியின் ஃப்ளாஷ் வேண்டும்! வேகமும் குறைவு, நிர்வாகிகள் பலர் பழைய மென்பொருளையே விரும்பினார்கள்.

2016-ல் 6.5 பதிப்பு அந்தப் பழையதைக் கைவிட்டது. ஃப்ளாஷ் தேவைப்படாத எச்டிஎம்எல்5 கிளையண்டையும் தந்தது. அதில் எல்லா வசதிகளும் வந்து சேர 2018 ஆகிவிட்டது. 2020-ல் வந்த 7.0 பதிப்பில் ஃப்ளாஷ் கிளையண்ட் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் ஃப்ளாஷுக்கே அடோபி மூடுவிழா நடத்தியது.

விண்டோஸிலிருந்து விடுபட வந்தது ஃப்ளாஷில் மாட்டிக்கொண்டது! புதிய வசதிகளை எண்ணும் முன், அவை எதன்மேல் நிற்கின்றன என்று பார்ப்பது நல்லது.