டூட்: துணியில பிறந்த கேலி

"டூட்"னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? நண்பனைக் கூப்பிட, ஆச்சரியப்பட, 'போதும், நிறுத்து'ன்னு சொல்ல, எல்லாத்துக்கும் அதே சொல்தான். தொனி மட்டும் மாறும். 2025 தீபாவளிக்கு அந்தப் பேர்லயே ஒரு தமிழ்ப் படமும் வந்துடுச்சு.

இந்தச் சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெட்ல ஒரு கதை சுத்துது. டூட்னா யானையோட பின்பக்கத்து முடியாம்! யானைமுடி மோதிரம் போடுற ஊர்ல இது வசையாவே படாது. எப்படியும் கதை பொய்.

நிஜக் கதை நியூயார்க்ல இருக்கு. 1883 ஜனவரியில, 'தி வேர்ல்டு' பத்திரிகையில ராபர்ட் சேல் ஹில் என்பவர் ஒரு கிண்டல் கவிதை எழுதினார். அவர் கேலி செஞ்ச டூட், காசுள்ள வீட்டுப் பையன். அந்தக் கால டூட்டுக்குன்னு ஒரு கெட்டப் உண்டு: ஒட்டிப் பிடிக்கிற பேன்ட், உயரமான காலர், கூர்மையான ஷூ, கைத்தடி, சிகரெட். பிறந்தது அமெரிக்கா, ஆனா லண்டன்காரன் மாதிரியே நடந்துக்கணும். நம்ம பாஷையில சொன்னா, சீன் போடுறவன். அந்த வருஷமே சொல் ஊரெல்லாம் பரவிடுச்சு. பெண்ணா இருந்தா 'டூடீன்'.

இதைத் தோண்டி எடுத்தவங்களே ஒரு சுவாரசியமான ஜோடி. ஜெரால்டு கோஹன், மிசூரியில பேராசிரியர். பேரி பாப்பிக், நியூயார்க்ல பார்க்கிங் அபராத வழக்குகளை விசாரிச்சவர். பல வருஷம் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 2013-ல அவங்க வெளியிட்ட முடிவு இது: 'யாங்கி டூடில்' பாட்டுல வர்ற 'டூடில்'தான் டூட் ஆச்சு. டூடில்னா முட்டாள். தொப்பியில ஒரு இறகைச் செருகிட்டு, தன்னைப் பெரிய ஸ்டைல் மன்னனா நினைச்சுக்கிற அமெரிக்கனை நக்கலடிக்கிற பாட்டு அது.

மேற்குப் பக்கம் போனதும் அர்த்தம் மாறிடுச்சு. அங்கே மாட்டுப் பண்ணைக்கு விருந்தாளியா வர்ற, குதிரை ஏறத் தெரியாத நகரத்து ஆள்தான் டூட். அப்படிப்பட்டவங்களைக் காசு வாங்கித் தங்கவைக்கிற பண்ணைக்கு 'டூட் ரான்ச்'னே பேர்.

எனக்கு முக்கியமாப் படுறது அடுத்த கட்டம். 1930, 40-கள்ல கறுப்பின இளைஞர்களும் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் தொளதொள 'ஜூட் சூட்' போட்டுக்கிட்டு, ஒருத்தரை ஒருத்தர் டூட்னு கூப்பிட்டாங்க. பணக்காரப் பையனைக் குத்தின சொல், இங்கே மரியாதையா ஆச்சு. ஆனா அந்தத் துணிக்கு விலையும் கொடுத்தாங்க. 1943 ஜூன்ல, லாஸ் ஏஞ்சலஸ் தெருக்கள்ல கடற்படை வீரர்கள் இவங்களைத் துரத்தி அடிச்சு, சூட்டைக் கிழிச்சு எறிஞ்சாங்க. போலீஸ் கைது செஞ்சது பெரும்பாலும் அடி வாங்கினவங்களைத்தான்.

அப்புறம் கலிஃபோர்னியா அலைச்சறுக்கு ஆட்கள், 1998-ல 'தி பிக் லெபோவ்ஸ்கி' படம். அது உங்களுக்கே தெரியும்.

2004-ல ஸ்காட் கீஸ்லிங்னு ஒரு மொழியியலாளர் டூட்டைப் பத்தித் தனிக் கட்டுரையே எழுதினார். பசங்களுக்கு நண்பன் மேல பாசம் இருக்கு, அதை வெளிப்படையாக் காட்டக் கூச்சம். 'நெருக்கம்தான், ஆனா ரொம்ப இல்ல'ன்னு சொல்ல இந்தச் சொல் உதவுதுங்கிறார். நாம யாரோட தங்கச்சியையும் கட்டாமலே 'மச்சான்'னு கூப்பிடுற மாதிரி.

இப்போ பொண்ணுங்களும் ஒருத்தரை ஒருத்தர் டூட்னுதான் கூப்பிடுறாங்க. டூடீனைத்தான் யாரும் தேடல.