மானிறைச்சியின் கடினமும் மணமும்: கோலார் தங்கவயல் சார்ந்த ஒரு சொல் வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் 'வெனிசன்' எனப்படுவதைத் தமிழில் 'மானிறைச்சி' என்று பெயர்ப்பது வழக்கம். இப்பெயர்ப்பில் இடர்ப்பாடு ஏதும் இல்லை. அவ்விறைச்சி 'டஃப்' ஆக இருந்தது, 'கேமி' ஆக மணத்தது, முறையாக 'ஹங்' செய்யப்படவில்லை என்று மூலநூல் கூறும்போதுதான் மொழிபெயர்ப்பாளர் தயங்குகிறார். 'கடினமானது', 'நாற்றமுடையது', 'தொங்கவிடப்படாதது' என எழுதினால் சொல் பெயர்கிறது, பொருள் பெயர்வதில்லை.

இறைச்சியின் கடினமும் மணமும் பல காரணங்களால் அமைபவை. விலங்கின் வயது, பால், அது கொல்லப்பட்ட முறை, கொன்றபின் இறைச்சி வைக்கப்பட்ட வெப்பநிலை, சமைத்த விதம் ஆகியவை அக்காரணங்களுள் முதன்மையானவை. ஆங்கிலம் இவற்றின் விளைவுகளைத் தொகுத்து ஒரு சொல்லால் சுட்டுகிறது. தமிழோ காரணந்தோறும் வெவ்வேறு சொல் வழங்குகிறது. இவ்வேறுபாட்டைத் தமிழும் ஆங்கிலமும் தெலுங்கும் கன்னடமும் அருகருகே வழங்கிய கோலார் தங்கவயலை முன்னிறுத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

கோலார், குவளாலபுரம் என்னும் பெயரால் கங்கர் காலத்திலும் சோழர் காலத்திலும் அறியப்பட்ட ஊர். சோழராட்சியில் இப்பகுதி நிகரிலிச்சோழ மண்டலம் எனப்பட்டது. கோலாரம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. எனவே இப்பகுதியில் தமிழ் சுரங்கத்தோடு வந்து சேர்ந்த மொழி அன்று. எனினும் தங்கவயலின் தமிழ்ப் பேச்சு சுரங்கத்தால் பெருகியதே ஆகும். 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் பணியை ஏற்றபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் திரளாக வந்தனர். ஐரோப்பிய அலுவலரும் ஆங்கிலோ இந்தியரும் உடன் வாழ்ந்தனர். சுற்றுச் சிற்றூர்களில் தெலுங்கும் கன்னடமும் வழங்கின. 1972இல் சுரங்கங்கள் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நடுவணரசு நிறுவனமாயின. 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன.

தங்கவயல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட மேட்டுநிலம். இத்தகைய திறந்த புல்வெளியும் முட்புதரும் வெளிமானுக்கு உரியவை. முற்கால மைசூர்ச் சமவெளிகளில் வெளிமான் பரவலாக வாழ்ந்தது. விலங்கியலார் வெளிமானை மாட்டினக் குடும்பத்துள் அடக்குவர். புள்ளிமானும் கடமானும் மானினக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆங்கிலம் முன்னதை 'ஆண்டிலோப்' எனவும் பின்னவற்றை 'டியர்' எனவும் பிரிக்கும். தமிழில் இரண்டும் மானே. கொம்பை ஆண்டுதோறும் உதிர்ப்பதும் உதிர்க்காததுமாகிய வேறுபாடு வேட்டுவனுக்குத் தெரிந்ததே. ஆயினும் அவன் மொழி அதனைப் பெயரிடும் அடிப்படையாகக் கொள்ளவில்லை.

வேட்டையும் இறைச்சியும்

'வெனிசன்' என்னும் சொல் வேட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்து பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது. முதலில் அது வேட்டையாடிப் பெற்ற எவ்விலங்கின் இறைச்சியையும் குறித்தது. பின்னரே மானிறைச்சி எனச் சுருங்கியது. 'டியர்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்னும் பொதுப்பொருள் தந்த சொல். வடமொழி 'மிருக' என்பதும் இவ்வாறே விலங்கு, மான் என்னும் இரு பொருளும் தருவது. 'மிருகயா' வேட்டையைக் குறிக்கும். தமிழில் அது 'மிருகம்' எனப் பொதுப்பொருளிலேயே நிலைத்தது.

தெலுங்கு வேறொரு வழியில் சென்றது. தமிழ் 'வேட்டை', கன்னட 'பேட்டெ' ஆகியவற்றுக்கு இனமான தெலுங்குச் சொல் 'வேட'. இது வேட்டையையும் ஆட்டையும் குறிக்கும். 'வேட மாம்சம்' என்றால் இன்று ஆட்டிறைச்சியே. இச்சொல்லின் தமிழ் இனச்சொல்லை மட்டும் நினைவிற்கொண்டு 'வேட்டை இறைச்சி' எனப் பெயர்த்தால் வீட்டு ஆடு காட்டு மானாகிவிடும். தங்கவயல் போன்ற பன்மொழிக் களத்தைச் சார்ந்த நூல்களைப் பெயர்ப்போர் கருத்திற்கொள்ள வேண்டிய இடம் இது.

வயதும் பாலும்

தொல்காப்பிய மரபியல் விலங்கின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றைத் தனித்தனியே வகுக்கிறது. நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் இளமைப் பெயர் மறி. பெண்பாற் பெயர் பிணை. புல்வாயின் ஆண்பாற் பெயர்கள் இரலை, கலை என்பன; கலை உழைக்கும் உரியது. பிற்காலத்தார் வெளிமானைப் பொதுவாக இரலை என்றதையும் ஒப்பிட்டுக் காண வேண்டும்.

இப்பாகுபாடு இலக்கணத் தேவைக்காக எழுந்ததாயினும் இறைச்சியின் தன்மைக்கும் பொருந்தி நிற்பது குறிப்பிடத்தக்கது. தசைகளைப் பிணைக்கும் இணைப்புத்திசுவில் கொலாஜன் என்னும் புரதம் உள்ளது. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் உறுதிப்படுகின்றன. ஆதலால் மறியின் இறைச்சி மென்மையாகவும் மூத்த கலையின் இறைச்சி கடினமாகவும் அமைகின்றன. பேச்சுத் தமிழ் இவ்வகைக் கடினத்தை 'முற்றல்' என்கிறது. காய்க்கும் ஆட்டுக்கும் பொதுவான இச்சொல் வயதாகிய காரணத்தைத் தன்னுள் கொண்டுள்ளது. 'இளங்கறி' என்பது இதன் மறுதலை.

உடலின் உறுப்பும் இங்கு எண்ணத்தக்கது. ஓயாது உழைக்கும் காற்பகுதியிலும் கழுத்திலும் இணைப்புத்திசு மிகுதி. முதுகெலும்பை ஒட்டிய தசையில் குறைவு. இத்திசு ஏடாகத் தெரியுமிடத்துச் 'சவ்வு' என்றும், தசை இழையிழையாகப் பிரியுமிடத்து 'நார்' என்றும் சமைப்போர் கூறுவர்.

கொல்லும் முறை

விலங்கு இறந்தபின் தசையிலுள்ள கிளைக்கோஜன் லாக்டிக் அமிலமாக மாறுகிறது. உயிருள்ளபோது 7 அளவில் இருந்த பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5.5 வரை இறங்குகிறது. நெடுநேரம் துரத்தப்பட்டும் அஞ்சியும் களைத்த விலங்கில் கிளைக்கோஜன் முன்னரே செலவழிந்துவிடுவதால் அமிலம் போதிய அளவு தோன்றுவதில்லை. இறைச்சி கருத்துப் பிசுபிசுப்பாகிறது, மணம் குன்றுகிறது, விரைவில் கெடுகிறது. பி.எச். 6ஐ ஒட்டி நின்றுவிடும் இறைச்சியே மிகக் கடினமாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கும் மேலே நின்றால் மென்மை திரும்புகிறது. ஆனால் இறைச்சி நெடுநேரம் தாங்காது. இங்கிலாந்து நகரங்கள் சிலவற்றில் காளையை அறுக்குமுன் நாய்களை ஏவி அலைக்கழிக்க வேண்டும் என்ற விதி இருந்ததும், அது இறைச்சியை மென்மையாக்கும் என நம்பியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

பழந்தமிழ் நூல்கள் துரத்தாத வேட்டையையும் காட்டுகின்றன. பழக்கிய விலங்கைக் காட்டிக் காட்டு விலங்கை அருகே ஈர்த்துப் பிடிப்பது அம்முறை. அவ்வாறு பழக்கிய விலங்கிற்குப் 'பார்வை' என்பது பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பின் விளாமரத்தடியில் பார்வை விலங்கு கட்டப்பட்டிருக்கிறது. புறநானூற்றின் 320ஆம் பாட்டில் வேட்டுவன் உறங்கும்போது பார்வைப் பிணையோடு காட்டுக் கலை ஒன்று வந்து விளையாடுகிறது. கணவன் விழித்தால் அவை பிரியுமே என எண்ணி மனைவி ஓசையின்றி இருக்கிறாள். இப்பாட்டின் சுவை அவளது இரக்கத்தில் உள்ளது. அவ்வேட்டைமுறையின் பயனைச் சொல் வரலாற்றாளர் உடன்நோக்கலாம்: அமைதியாக நின்ற விலங்கின் இறைச்சி அலைக்கழிந்த விலங்கின் இறைச்சியினும் நன்றாக அமையும். இப்பயன் கருதியே அம்முறை தோன்றிற்று எனத் துணிய இயலாது; பயன் உண்டென்பது மட்டும் தெளிவு. 'பார்வை' என்பதைக் காட்சி எனப் பொருள் கொண்டு பெயர்ப்பவர் ஒரு தொழில்நுட்பத்தையே இழந்துவிடுகிறார்.

தொங்கவிடுதலும் வாட்டுதலும்

ஐரோப்பியர் வேட்டை விலங்கைக் குளிர்ந்த இடத்தில் பல நாள் தொங்கவிடுவர். இறந்த சில மணியில் தசை விறைக்கிறது. விறைப்பு நீங்கியபின் தசையிலுள்ள நொதிகள் இழைகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துகின்றன. இதுவே 'ஹங்' என்னும் சொல்லின் உட்பொருள். விறைப்புக்கு முன்னரே மிகுதியாகக் குளிர்வித்தால் தசை சுருங்கிக் கடினமாகும் என்பதை 1963இல் நியூசிலாந்தில் லாக்கர், ஹாக்யார்டு ஆகியோர் வெளிப்படுத்தினர். மிகுந்த வெப்பத்திலும் தசை சுருங்குகிறது. 15 பாகை செல்சியசை ஒட்டிய நிலையிலேயே சுருக்கம் மிகக் குறைவு.

கோடையில் 35 பாகையை எட்டும் தங்கவயலில் குளிரூட்டும் வசதியின்றி இறைச்சியைப் பல நாள் தொங்கவிட இயலாது, மென்மையாகுமுன் அழுகிவிடும். ஆகவே இந்நிலத்தின் மரபு இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தது. ஒன்று, விறைக்குமுன் சமைத்துவிடுதல். மற்றொன்று, உப்பிட்டு உலர்த்துதல்.

இரண்டாவது வழியின் பழமையைப் பெரும்பாணாற்றுப்படையே உணர்த்துகிறது. எயிற்றியர் புல்லரிசியைக் குற்றி, கிணற்று உவர்நீரில் வாடூனோடு சேர்த்துப் புழுக்குகின்றனர். வாடூன் என்பது வாடிய ஊன். உலர்ந்து இறுகிய இறைச்சியை நீரில் நெடுநேரம் வேகவைத்தால் கொலாஜன் 70 பாகைக்கு மேல் மெல்லக் கரைந்து பசைத்தன்மையுடைய ஜெலட்டினாகிறது. 'சுடுதல்' இளம் தசைக்கும் 'புழுக்குதல்' முற்றலுக்கும் பொருந்தும் என்பது இவ்வினைச்சொற்களின் வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

பாட்டுடைத் தலைவனாகிய இளந்திரையனின் தொண்டைநாட்டைப் பாலாறு வளப்படுத்துகிறது. அது நந்திமலைப் பகுதியில் தோன்றிக் கோலார் வட்டாரம் வழியாகவே கீழிறங்குகிறது. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியும் பாலாற்றைச் சார்ந்ததே. வட ஆற்காட்டுத் தொழிலாளர் அவ்வாற்றின் எதிர்த்திசையில் மேட்டுநிலம் ஏறி வந்தவர் எனலாம். அவர்தம் மொழியில் வாடூனின் வழித்தோன்றல் 'உப்புக்கண்டம்'. கண்டம் என்பது துண்டம். இறைச்சியைக் கீறி உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோத்து வெயிலில் காயவைப்பது இதன் செய்முறை.

அதே ஊரில் ஆங்கிலோ இந்தியர் அத்தகைய இறைச்சியை 'டிங் டிங்' என்றனர். காடியும் மசாலையும் சேர்த்து உலர்த்திய மாட்டிறைச்சிக்கு இப்பெயர் வழங்கியது. உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய 'தெண்டெங்' என்பதனோடு இதன் ஒலியும் பொருளும் ஒத்துள்ளன. தங்கவயலைச் சேர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் தம் சமையல் நூல்களில் இம்மரபு உணவுகளைப் பதிவு செய்துள்ளார். மிளகுத்தண்ணீர் ஆங்கிலத்தில் 'முல்லிகட்டானி' ஆனது பலரும் அறிந்தது. உப்புக்கண்டம் அவ்வாறு கடன் செல்லவில்லை. ஒரே வெயிலில் காய்ந்த ஒரே வகைப் பண்டம் ஒரு தெருவில் தமிழ்ப் பெயரும் அடுத்த தெருவில் கடல்கடந்து வந்த பெயரும் பெற்றது. சொற்கடனைப் பண்டத்தின் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது சான்று.

பப்பாளிக்காயை இறைச்சியோடு சேர்ப்பது இன்னொரு முறை. அதிலுள்ள பப்பாயின் நொதி தசைப்புரதத்தைச் சிதைக்கிறது. பப்பாளி அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் காலத்தில் வந்தது. அதற்கு முற்பட்ட சமையலைப் பெயர்ப்போர் இதனைப் புகுத்தலாகாது.

மணம்

'கேமி' என்பதற்கு ஒரு நேர்ச்சொல் தேடுவது வீண்முயற்சி. அது குறிக்கும் மணங்களைத் தமிழ் மூன்றாகவேனும் பிரிக்கிறது. குருதி கலந்த பச்சை இறைச்சியின் மணம் 'கவிச்சி'. ஆட்டுக் கிடாயிடம் வீசும் ஆண்மணம் 'மொச்சை'. ஊன் கெடும்போது எழுவது 'முடை'.

இம்மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. கவிச்சி குருதியை வடித்துக் கழுவுவதாலும் மஞ்சளாலும் குறையும். மொச்சை இணைவிழைச்சுப் பருவத்து ஆணுக்கு உரியது. வெளிமான் கலைக்குக் கண்ணருகே மணச்சுரப்பி உண்டு; தோலுரிக்கும் கை சுரப்பியிலும் மயிரிலும் பட்டு இறைச்சியில் பட்டால் மணம் ஏறிவிடும். முடைக்குத் தீர்வு இல்லை. அதனை மசாலையால் மறைக்கலாமேயன்றி நீக்க இயலாது. மேய்ந்த தழையால் கொழுப்பில் ஏறும் மணம் நான்காவது. அதனைக் 'காட்டுமணம்' எனலாம். மானின் கொழுப்பு சூடு ஆறியதும் விரைந்து உறைந்து வாயில் ஒட்டும் இயல்பினது. ஆதலால் அம்மணம் நாவில் நெடுநேரம் தங்குகிறது.

ஐரோப்பியர் பல நாள் தொங்கவிட்டுப் பெற்ற மணத்தை அவர்களே சிறப்பாகக் கருதினர். அதனை 'முடை' எனப் பெயர்த்தால் மூலத்தின் பாராட்டு பழிப்பாகிவிடும். 'காட்டுமணம்' எனப் பெயர்த்தால் காரணம் மாறிவிடும். 'பதமேறிய மணம்' என்பது இவ்விடத்துக்குப் பொருந்தலாம்.

முடிவுரை

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானை முதல் அட்டவணையில் வைத்துக் காத்தது. இன்று மான்வேட்டை குற்றம். அது அவ்வாறே நீடிக்க வேண்டும். வேட்டை நின்றபின் அதனைச் சார்ந்த சொற்கள் வழக்கிழப்பது இயல்பு. ஆயினும் முற்றல், சவ்வு, விறைப்பு, கவிச்சி, மொச்சை ஆகியவை ஆட்டிறைச்சியைப் பற்றிய பேச்சில் இன்றும் வாழ்கின்றன. பார்வை, வாடூன், புல்வாய் ஆகியவை ஏட்டில் மட்டும் உள்ளன.

மூலநூலில் 'டஃப்' என்று வருமிடத்து மொழிபெயர்ப்பாளர் முதலில் வினவ வேண்டியது காரணத்தை. மூத்த விலங்காயின் முற்றல்; உடன் சமைத்ததாயின் விறைப்பு; உறுப்பினால் அமைந்ததாயின் சவ்வு அல்லது நார்; மிகையாக வெந்து நீர் வற்றியதாயின் சக்கை. காரணம் தெரிந்தால் சொல் தானே கிட்டும். சுரங்கம் மூடிப் பல்லாண்டு ஆகிவிட்டது. தங்கவயல் தமிழர் பலர் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். நான்கு மொழிகளுக்கிடையே அடுப்படியில் உருவான அவர்தம் சொற்கள், அவற்றை வழங்கியோர் உள்ளபோதே களப்பணியால் தொகுக்கப்பட வேண்டும்.