பாட்டன் பட்டாளத்தில் இருந்தார் என்பதற்குக் காகிதம் எங்கே?

தியாகி இம்மானுவேல் சேகரனார் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர் என்பதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூர் அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசியவர், மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அந்த நிமிர்வில் பட்டாளத்துக்கும் பங்கு உண்டு.

நம் ஆட்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். 1885இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதியான ராபர்ட்ஸ், 'போர்க்குடி' கோட்பாட்டைத் தூக்கிப்பிடித்தார். தென்னாட்டுப் படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டன. உலகப் போர் வந்ததும் மீண்டும் ஆள் எடுத்தார்கள்.

செத்தவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? இராக்கில் உள்ள பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவும் எத்தனை பேர் என்ற கணக்கும் மட்டுமே. இந்தப் பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஆனால், கல்லில் இல்லாத பெயர்கள் பதிவேட்டில் உண்டு. ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம்.

தேடும்போது மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ராம்நாட் மாவட்டம் உருவானதே 1910இல்தான். அதற்கு முந்தைய காகிதங்களில் நம் ஊர்கள் மதுரை மாவட்டத்தில் இருக்கும். அதேபோல் 1985க்கு முந்தைய 'ராம்நாட்' என்பது இன்றைய சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். இரண்டு, முனியாண்டி, இருளாண்டி போன்ற பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். மூன்று, பெயரைவிட உறுதியான துப்பு படை எண். டிஸ்சார்ஜ் சான்றிதழிலோ பென்ஷன் புத்தகத்திலோ அது இருக்கும். உயிரோடு திரும்பியவர்கள் கல்லறை ஆணையப் பட்டியலில் இருக்கமாட்டார்கள். அவர்களுக்கு மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு ஆவண அலுவலகத்துக்கு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இதெல்லாம் பழம்பெருமை பேசவா? கோரேகான் தூணில் செதுக்கப்பட்ட மகர் வீரர்களின் பெயர்கள்தான், 1927இல் அம்பேத்கர் அங்கே போய் நின்று பேசக் காரணமாயின. பிரிட்டிஷாருக்காகப் போரிட்டதில் பெருமை என்ன என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். நாம் கேட்பது வேறு: துப்பாக்கி பிடிக்கத் தகுதியானவன், ஊருக்குத் திரும்பியதும் பொதுக்கிணற்றுக்குத் தகுதியற்றவன் ஆனது எப்படி? அதைக் கேட்கக் கையில் பெயரும் எண்ணும் வேண்டும். வீட்டு டிரங்குப் பெட்டியைக் கரையான் அரிப்பதற்குள் திறந்து பாருங்கள்.