காபரேட்டரில் ஒரு துளை

மாமாவின்ர எம்.டி. 90 இரண்டு வருஷமாகக் கொட்டிலுக்குள் நின்றது. உதைத்தால் ஸ்டார்ட் எடுக்கும், ஆனால் ஐடிலில் நிற்காது. கராஜ்கார அண்ணை காபரேட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, உள்ளுக்க ஸ்லைட் தேஞ்சு போச்சு. இனிக் கழுவிப் பிரயோசனம் இல்லை. வேற ஒண்டு எடும்.”

சரி எண்டு ஒன்லைனில் தேடத் தொடங்கினேன். ஒரு மாதம் தேடி, ஜப்பானில் யாரோ கழற்றி விற்ற ஒரு தபால் மோட்டார் சைக்கிளின் காபரேட்டரை வாங்கினேன். சாமானின் விலையைவிட அனுப்புகூலி கூட. பார்சல் வந்ததும் பழையதையும் புதுசாக வந்த பழையதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே அச்சு, ஒரே எழுத்து. ஒரேயொரு வித்தியாசம். எங்கட காபரேட்டரின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை, அதை ஒரு பித்தளை ஆணி முறுக்கி அடைத்திருக்கு. ஜப்பானில் இருந்து வந்ததில் அது இல்லை.

மாமாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார். “அது கொம்பனிக்காரன் போட்ட துளை இல்லையடா. நாங்கள் போட்டது. அதுக்காலதான் பெற்றோல் விடுறது.”

பழைய மோட்டார் சைக்கிளுக்குச் சாமான் தேடப் போன நான் வரலாறு தேடத் தொடங்கினது அந்தத் துளையால்தான்.

சோபாக் கடையில் இருந்து தபால் கந்தோருக்கு

எம்.டி. 90ஐ விளங்கிக்கொள்ள 1958க்குப் போக வேண்டும். அந்த வருஷம் ஓகஸ்ட் மாதம் ஹொண்டா நிறுவனம் சூப்பர் கப் சி100ஐ வெளியிட்டது. 49 சி.சி. எஞ்சின், மூன்று கியர், கையில் கிளச் லீவர் இல்லை. கிளச்சைத் தானாக வேலைசெய்ய வைத்ததற்கு ஒரு கதை சொல்வார்கள்: ஒரு கையில் சோபா நூடில்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் ஓட்டிப்போகும் கடைப் பெடியனுக்கு ஏற்ற வண்டியாக இருக்க வேண்டும் என்று சொயிச்சிரோ ஹொண்டாவும் அவருடைய கூட்டாளி தக்கேயோ புஜிசாவாவும் நினைத்தார்களாம். 2017இல் சூப்பர் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் இந்த எண்ணிக்கைக்குக் கிட்ட இல்லை.

இதே கப்பை ஜப்பான் தபால் சேவைக்கென்று மாற்றிச் செய்தபோது வந்ததுதான் எம்.டி. வரிசை. நிறம் சிவப்பு. முன்னும் பின்னும் கடிதப் பை வைக்கக் கரியர். சாதாரணக் கப்பின் சில்லு 17 அங்குலம், தபால் வண்டிக்கு 14 அங்குலம். முன் போர்க்கும் வேறு, கப்பில் இருக்கிற இணைப்புக் கை வகை இல்லை, டெலஸ்கோப் வகை. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தரம் நிறுத்தி எடுத்தாலும் தாங்க வேண்டும் என்பதற்காகச் செய்த வண்டி அது.

1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்குப் போன பிறகு ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் இங்கே பெருமளவில் வரத் தொடங்கின. ஜப்பானில் கடிதம் சுமந்து ஓய்ந்த எம்.டி. 90களும் அந்த வழியில் வந்து யாழ்ப்பாணத்தில் இரண்டாவது சீவியத்தைத் தொடங்கின. கரியரில் வெங்காய மூட்டை, புகையிலைச் சிப்பம், மீன் பெட்டி. பின்னால் அம்மா, முன்னால் பிள்ளை. பெற்றோல் கொஞ்சமாய்க் குடிக்கும், எந்தக் குச்சொழுங்கைக்குள்ளும் நுழையும்.

மண்ணெண்ணெய்க் காலம்

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பட்டியலில் இருந்தன. மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை எங்கட வீடுகள் எல்லாத்திலும் இருக்கு. மோட்டார் சைக்கிள்காரருக்கு அதற்குச் சமமான கதை மண்ணெண்ணெய்.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டலாம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் எடுக்காது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய்க்கு அதைவிட நல்ல சூடு வேணும். அதனால் முதலில் சில துளி பெற்றோலை நேராகக் காபரேட்டருக்குள் விட்டு உதைக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் தாங்கியில் இருக்கிற மண்ணெண்ணெயைத் தானாக எடுத்துக்கொள்ளும். கடையில் துளியாக விற்ற பெற்றோலைச் சின்னப் போத்தலில் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். மாமாவின்ர வண்டியில் இருக்கிற துளை அந்தச் சில துளிகளுக்காகப் போட்டது. ஊசிக் குழாயால் அதுக்குள் பெற்றோலைச் செலுத்தி, ஆணியை முறுக்கி, பிறகு உதைக்கிறது.

எஞ்சினுக்கு இது இலவசமாக நடக்கவில்லை. மண்ணெண்ணெய் முழுசாக எரியாது. வெள்ளைப் புகை வரும். பிளக்கிலும் பிஸ்டன் தலையிலும் கரி பிடிக்கும். எரியாமல் மிஞ்சினது பிஸ்டன் றிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும், ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயிலில் ஓடினால் றிங்கும் சிலிண்டர் சுவரும் தேயும். அப்போது சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெருப்பித்து, அதுக்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் தடை உண்மையாக இறுக்கியது. ஹொண்டாவின் வழமைப்படி தரமான அளவுக்கு மேலே நான்கு பிஸ்டன் அளவுகள்: 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர். அதாவது ஒரு சிலிண்டரை நான்கு தரம் கடையலாம். ஜப்பானில் ஒரு தபால்காரர் அந்த நான்கையும் பார்க்காமலே வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இங்கே நான்காவதையும் தாண்ட வேண்டி வந்தது, வாங்க பிஸ்டனும் இல்லை. அப்போது சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குவது, வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து பொருத்துவது, ஓடாத ஒன்றைக் கழற்றி ஓடுகிற இரண்டை வாழவைப்பது என்று போனது. “சாமான் தேடுறது எண்டா கடைக்குப் போறதில்லை. ஆரின்ர வீட்டில ஆற்ற வண்டி படுத்திருக்கு எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறது,” என்றார் மாமா.

அதே வருஷம், வேறொரு இடத்தில்

1995 செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற மென்பொருளாளர் ஓர் ஏலத் தளத்தைத் தொடங்கினார். பிறகு ஈபே என்று பெயர் பெற்றது அதுதான். அதில் முதல் விற்கப்பட்ட சாமான் பழுதான ஒரு லேசர் பொயின்ரர், 14.83 டொலருக்கு. பழுதானதற்கும் எங்கேயோ ஒரு ஆள் காத்திருக்கிறார் என்பது அந்த விற்பனையில் தெரிந்தது. அடுத்த மாதம், ஒக்டோபர் 30, வலிகாமத்துச் சனம் ஓரிரவில் வெளிக்கிட்டது. எம்.டி. 90களும் அந்தக் கூட்டத்தோடு போயின, சில எண்ணெய் இல்லாமல் உருட்டப்பட்டு. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் பழசின் பெறுமதி என்ற ஒரே விசயத்தை உலகத்தின் இரண்டு மூலைகள் ஒரே இலையுதிர் காலத்தில் எவ்வளவு வேறுவிதமாகப் படித்தன என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பழைய வாகனச் சாமான் சந்தை அதற்கு முதலே இருந்தது. இங்கிலாந்தின் பியூலியில் 1967இல் தொடங்கிய வாகனச் சாமான் சந்தை இன்றும் நடக்குது. இணையம் அதை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் யாகூ ஏலம் 1999இல் தொடங்கியது. 2002இல் ஏ9 பாதை திறந்து, 2006இல் மூடி, 2009க்குப் பிறகு திரும்பத் திறந்தபோது எங்கட ஆக்களும் மெல்ல மெல்ல அந்த மேசைக்கு வந்து சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை ஏறினதும் பழைய வண்டியைத் திருத்தி ஓடுறதுதான் புத்தி என்ற நிலைக்கு நாட்டையே கொண்டுவந்தன. அந்த வருஷம் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டையோடு நின்றபோது, மாமா சிரித்தது எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாங்கப் போறவர்களுக்கு

ஒரு மாதம் தேடினதில் படித்ததைச் சொல்லுறன்.

முதலாவது, பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தை நம்புங்கள். ஹொண்டாவின் சாமான் இலக்கம் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பது. 13101 என்றால் தர அளவுப் பிஸ்டன், 13102 முதல் 13105 வரை மேலே சொன்ன நான்கு பெரிய அளவுகள். நடுத் துண்டு அது முதலில் எந்த மொடலுக்குச் செய்யப்பட்டது என்பது. விற்கிறவர் ‘கப் 90 பிஸ்டன்’ என்று எழுதுவார். ஆனால் சி90 என்ற ஒரே பெயரில் பழையது 89 சி.சி., பிஸ்டன் விட்டம் 50 மி.மீ. பிறகு வந்தது 85 சி.சி., விட்டம் 47 மி.மீ. ஒன்றுக்கு மற்றது சரிவராது. வேர்னியர் வைத்து உங்கட சாமானை அளந்துவிட்டுத்தான் காசைக் கட்ட வேண்டும். சில்லும் போர்க்கும் தேடினால் கப் சாமானைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, படத்தில் இல்லாததைக் கேளுங்கள். நூல் தேய்ந்த துளை, வெடித்த காற்றுத் தகடு, உள்ளே பிடித்த கறள் எதுவும் முன்பக்கப் படத்தில் வராது. ஜப்பான் ஏலத்தில் ‘ஜங்க்’ என்று போட்டிருந்தால் உள்ளபடியே விற்கிறம், பிறகு கேட்காதே என்று அர்த்தம். எண்ணெய் வாசம் இருக்கிற காபரேட்டரோ தாங்கியோ விமானத்தில் போகாது, கழுவிக் காயவைத்து அனுப்பச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் இலக்கம். அது கிராங் கேசில் குத்தியிருக்கு. வண்டிப் புத்தகத்திலும் அதே இலக்கம் இருக்கு. கிராங் கேஸ் மலிவாய்க் கிடைக்குது என்று வாங்கினால் வேறொரு வண்டியின் இலக்கத்தையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அது களவுபோன வண்டியாகவும் இருக்கலாம்.

எது ஒறிஜினல்?

இப்ப பெடியளுக்குள் எம்.டி. 90ஐ ‘விண்டேஜ்’ ஆக்கிற ஆசை பரவுது. நல்ல விசயம். சிவப்புப் பெயின்ற், புதுக் குரோம், ஒவ்வொரு சாமானும் ஜப்பானில் இருந்து. ‘முழுக்க ஒறிஜினல்’ என்று படம் போடுகிறார்கள். பார்க்க வடிவாய்த்தான் இருக்கு.

ஆனால் அந்த ஒறிஜினல் யாருடையது? தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த வண்டியைத்தான் நாங்கள் திருப்பிக் கட்டுகிறோம். அது ஜப்பானில் கடிதம் சுமந்த வண்டி. இங்கே முப்பது, நாற்பது வருஷம் ஓடினது அதன்மேல் எழுதியிருக்கிற எல்லாத்தையும் அந்த வேலை அழித்துவிடுகிறது. கடைச்சல் பட்டறையில் கடைந்த புஷ், வேறு வண்டியின் பிஸ்டன், பித்தளை ஆணி. இவை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. தடைக்காலத்தை எழுதினவர்கள் பெரும்பாலும் பட்டியலையும் விலையையும் எழுதினார்கள். அந்தத் தடைக்குள் ஒரு எஞ்சினை எப்படி ஓடவைத்தார்கள் என்பது கழற்றிய சாமான்களிலும், அதைக் கழற்றத் தெரிந்த ஒரு சில கிழவர்களின் கையிலும்தான் இருக்கு. இரண்டும் வேகமாகக் குறையுது. பழைய இரும்புக்காரன் கிலோக் கணக்கில் கொண்டுபோறான்.

அதுக்காக நல்ல சாமான் வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே வாங்கினேன். மாமாவின்ர வண்டி இப்ப ஐடிலில் அழகாய் நிற்குது, அவர் காலையில் அதில்தான் சந்தைக்குப் போறார். கேட்கிறது ஒன்றே ஒன்று: கழற்றினதை எறியாதீர்கள். ஒரு கடுதாசியில் இது எந்த வண்டி, எந்த வருஷம், யார் செய்தது, ஏன் செய்தது என்று எழுதி அதோடு கட்டி வையுங்கள். செய்தவர் இருந்தால் போய்க் கேளுங்கள், போனில் பதிவு செய்யுங்கள்.

எங்கட பழைய காபரேட்டரை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். கடுதாசியில் எழுதுறதுக்காக மாமாவிடம், “துளை போட்டது ஆர்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ஒரு பெயர் சொன்னார். அந்த அண்ணை 95க்குப் பிறகு எங்கே போனார் என்று அவருக்கும் தெரியாது. பெயரை எழுதி ரின்னுக்குள் வைத்து மூடினேன்.